டம்ளர் சென்னகிருஷ்ணனும் மூணு சிலிண்டர் வண்டியும்

காவேரிப்பட்டினம் பக்கம் பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்கள், கையில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் சென்னகிருஷ்ணன் ஊரில் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். மாங்காய் ஏற்றுகிற மினி லாரியோ, டிராக்டரோ, காரோ, எதுவானாலும் அவர் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். பார்ப்பது என்றால் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று விசாரிப்பது, அதெல்லாம் கிடையாது. பக்கத்து டீக்கடையிலிருந்து தலைதட்ட ஒரு டீ வாங்கிவரச் சொல்வார். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பானெட்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் தலைமேல் அந்த டம்ளரை வைப்பார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு டீயையே பார்த்தபடி நிற்பார்.

டீ விளிம்பைத் தாண்டவில்லை என்றால் டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிடுவார். அதுதான் அவர் தருகிற சர்டிபிகேட். தளும்பிக் கொட்டிவிட்டால் மிச்சத்தை மண்ணில் ஊற்றிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடப்பார். அதற்கப்புறம் விற்க வந்தவன் தலைகீழாக நின்றாலும் அந்த வண்டி அன்றைக்கு விற்காது. டம்ளர் சென்னகிருஷ்ணன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இந்தப் பழக்கம் அவருக்கு லாரியில் வந்தது. ஓசூர் கம்பெனிகளிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போய்வந்தவர். அந்தக்கால லாரிகளில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்குப் பக்கத்தில் மூடி போட்டு இருக்கும். டீ ஆறாமல் இருக்க டம்ளரை அந்த மூடிமேல் வைப்பார்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின், நல்ல நிலையில் இருந்தால் டீயில் ஒரு சுருக்கம்கூட விழாது. என்றைக்கு டீ ஆடுகிறதோ அன்றைக்கு ஷெட்டுக்கு விடவேண்டும் என்று கணக்கு. அந்தக் கணக்கு அவரை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. ஏமாற்றாத கணக்கை மனுசன் எங்கே விடுவான்?

நாக்பூர் ரோட்டில் நடந்த ஒரு விபத்தோடு லாரி போனது. வலது முழங்கால் மடங்காமல் போனது. அதற்குப் பிறகு அவருக்குக் கார் என்றாலே ஆகாது. முன்சீட்டில் உட்கார்ந்தால் கால் இடிக்கும், பின்சீட்டில் உட்கார்ந்தால் கதவைத் திறந்து வைத்து வெளியேதான் நீட்டவேண்டும் என்பார். பஸ்ஸில் மட்டும் ராஜா மாதிரி போவார். வழியோர சீட்டைப் பிடித்து, நடக்கிற வழியில் காலை நீட்டிவிடுவார். கிருஷ்ணகிரி ரூட்டில் ஓடுகிற கண்டக்டர்கள் எல்லாரும் அந்தக் காலைத் தாண்டிப் பழகினவர்கள். லாரி போய், கால் போய், வீட்டில் உட்கார்ந்துவிட்ட மனுசனுக்கு மிஞ்சியிருந்தது அந்த டம்ளரும், அதற்கு ஊர் கொடுத்த மரியாதையும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அவர்மேல் நமக்கு வரப்போகிற கோபம் கொஞ்சம் குறையும்.

அவருக்கு ஒரே மகன், நவீன்குமார். டிப்ளமோ முடித்து, ஓசூரில் இன்ஜின் பாகங்கள் கடைகிற ஒரு கம்பெனியில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவன், கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு ஒரு கார் வாங்கினான். சின்ன வண்டி, பெட்ரோல், மூன்று சிலிண்டர்.

அந்த வண்டிக்கு அப்போதே பெயர் கெட்டிருந்தது. முதலில் வந்தவற்றில் சில வண்டிகளுக்கு இன்ஜினில் ஏதோ கோளாறு இருந்தது உண்மை. கம்பெனிக்காரன் அவற்றைத் திரும்ப வரவழைத்து மாற்றிக் கொடுத்ததும் உண்மை. ஆனால் நம் ஜனங்கள் ஒரு வண்டியை எடைபோடுகிற அழகு தனி. சூளகிரியில் ஒரு வண்டி புகைவிட்டு நின்றால், அந்தச் செய்தி கிருஷ்ணகிரிக்கு வருவதற்குள் பத்து வண்டியாகும், ஊத்தங்கரைக்குப் போவதற்குள் அந்த வண்டியே தீப்பிடித்து எரிந்திருக்கும். சொல்கிறவன் எவனும் அதை ஓட்டியிருக்க மாட்டான். "என் மச்சானோட சிநேகிதன் வெச்சிருந்தான்" என்பான். நவீன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வாங்கினான். அந்த இன்ஜினின் பாகம் ஒன்று அவன் கைவழியாகத்தான் போகிறது, அவனுக்குத் தெரியாதா? ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளர் சென்னகிருஷ்ணனின் மகன் டம்ளர் வைக்காமல் வண்டி வாங்கிவிட்டான்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சொந்தபந்தம் எல்லாம் வாசலில் கூடியிருந்தது. நவீனின் மனைவி பிரியா, குழந்தை யுவஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரத்தி கரைத்தாள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டில் சந்தனம் பூசி, மாலை போட்டார்கள். நவீன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்போது சென்னகிருஷ்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ராஜாத்தி, ஒரு டீ கொண்டா. தலைதட்ட."

அவர் மனைவி ராஜாத்தி கொண்டுவந்தாள். என்னத்துக்கு என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் கொண்டுவந்தாள். மாலையை ஒதுக்கிவிட்டு பானெட்டைத் தூக்கி, டம்ளரை வைத்தார். கூட்டம் சுற்றி நின்றது. மூன்று சிலிண்டர் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது சும்மா இருக்குமா? டீ ஆடியது, வழிந்தது, இன்ஜினின் பிளாஸ்டிக் மூடி முழுக்க ஓடி, கீழே எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் சொட்டியது.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"நைனா, இது அப்பிடித்தான் இருக்கும்" என்றான் நவீன். "சாமிய ஆறு பேரு தூக்கினா ஆடாது. மூணு பேரு தூக்கினா நின்ன எடத்துல கொஞ்சம் ஆடும். நடக்க ஆரம்பிச்சுட்டா ரெண்டும் ஒண்ணுதான். வா, ஏறு, மேலுமலை ஏத்தம் வரைக்கும் போயிட்டு வருவோம். அப்பறம் சொல்லு."

"ஏத்தத்துல ஏத்தி என்னாத்தப் பாக்கறது? நின்ன எடத்துலயே நடுங்குது." மிச்ச டீயை மண்ணில் ஊற்றினார். "இது ஓடற வண்டி இல்ல. கயித்தக் கட்டி இழுத்துனு வர்ற அன்னிக்குச் சொல்லு, கூட வர்றேன்."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். சொந்த வீட்டு வாசல் என்பதால் பஸ் ஸ்டாப் வரைக்கும் போகவேண்டியிருக்கவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நவீனின் முகம் சுண்டிப்போனது. ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு நின்ற பிரியாவுக்கு, அதைச் சுற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு இன்ஜினைப் பற்றி அவர் சொன்ன தப்பான தீர்ப்பு அது ஒன்றுதான். அதைப் போய் அந்த இடத்திலா சொல்லவேண்டும்?

மேலுமலை ஏற்றம் என்று நவீன் சொன்னது சும்மா இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ஹைவேயில், சூளகிரிக்கு முன்னால் வருகிற மலையேற்றம் அது. லோடு லாரிகள் இடதுபக்கம் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். ஆளை நிறைய ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, அந்த ஏற்றத்தில் கியர் குறைக்காமல் ஒரு வண்டி ஏறினால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். நவீன் தினமும் அதில் ஏறி இறங்கினான். வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்பாவைக் கூப்பிட்டான். அவர் அதே பதிலைச் சொன்னார். வண்டி நிற்கும், நிற்கும் என்று காத்திருந்தார். அது நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

ஒரு நாள் காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் நல்ல மழை. சென்னகிருஷ்ணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நவீன் வண்டியை ஒட்டி நிறுத்தி, உள்ளே இருந்தபடியே சாய்ந்து முன்கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறு நைனா. நனையாத."

"பஸ் வருது, நீ போ."

பஸ் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கதவு திறந்தே இருந்தது, சீட்டில் மழை விழுந்தது. பிறகு நவீன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அவர் அந்தக் கதவுக்குள்ளே திரும்பியும் பார்க்கவில்லை. வீம்பு பிடித்த மனுசனுக்குக் கண் எதிரில் இருப்பது தெரியாது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஏற மாட்டேன் என்று சொன்னவருக்கு அந்த இன்ஜின் சத்தம் மனப்பாடம். மகன் வேலை முடிந்து வரும்போது வண்டி தார் ரோட்டிலிருந்து மண் ரோட்டுக்குத் திரும்புவது அவருக்கு மட்டும் கேட்கும். "சோறு எடுத்து வை, வந்துட்டான்" என்று ராஜாத்தியிடம் சொல்வார். அவளுக்கு இன்னும் ஒன்றும் கேட்டிருக்காது.

போன வருடம், மாங்காய் சீசன் முடிந்திருந்த சமயம், கம்பெனியில் மிஷின் முன்னால் நின்றிருந்த நவீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத பையன். கம்பெனி ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நின்றுவிடும், நின்றுவிடும் என்று ஊரே சொன்ன இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓட்டினவன் நின்றுவிட்டான்.

உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். கம்பெனி பார்க்கிங்கில் நின்றிருந்த காரை, கூட வேலை செய்கிற கோபி பின்னாலேயே ஓட்டிவந்தான். தகவல் ஏற்கனவே வந்திருந்தது, வாசல் முழுக்கக் கூட்டம், ராஜாத்தி தரையில் விழுந்து கிடந்தாள். எல்லாம் தெரிந்துதான் சென்னகிருஷ்ணன் நின்றிருந்தார். ஆனாலும் தார் ரோட்டிலிருந்து மண் ரோட்டுக்கு அந்தச் சத்தம் திரும்பியபோது, "வந்துட்டான்" என்று அவர் வாய் தன்னால் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்றவர்களால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வண்டி மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ் நின்றது. பிரியாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் ஓடாமல் நின்றால் பேட்டரி போய்விடும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டும் என்று நவீன் எப்போதோ சொல்லியிருந்தான். அவள் அதை விடாமல் செய்தாள். சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். சத்தம் கேட்டதுமே சென்னகிருஷ்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாந்தோப்புப் பக்கம் போய்விடுவார். சத்தம் நின்ற பிறகும் நெடுநேரம் வீட்டுக்கு வர மாட்டார்.

கம்பெனியில் பிரியாவுக்கு வேலை கொடுத்தார்கள். குழந்தையோடு ஓசூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு போவதாக முடிவானது. ராஜாத்தியும் துணைக்குப் போய்வருவதாகப் பேச்சு. வண்டியை மட்டும் என்ன செய்வது?

"வித்துடலாம் அத்தே" என்றாள் பிரியா மாமியாரிடம். "பணத்துக்காக இல்ல. அவரு ஆசையா ஓட்டினது. கொட்டாயில நின்னு துருப்பிடிக்கறத என்னால பாக்க முடியல. யார்கிட்டயாவது ஓடட்டும்."

ஆனால் யாரும் வாங்க வரவில்லை. வந்து பார்த்தார்கள், சாவியைக் கையில் வாங்கினார்கள், இது யார் வீட்டு வண்டி என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் உள்ள புரோக்கர்கள் எல்லாருக்கும் அந்த டீ கொட்டிய கதை தெரிந்திருந்தது. டம்ளர் சென்னகிருஷ்ணன் சொந்த மகன் வண்டியையே தள்ளிவிட்டார் என்றால் அதில் எவன் கை வைப்பான்? அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பு அவ்வளவு. அந்த மதிப்பே இப்போது அவர் வீட்டு வாசலில் குறுக்கே நின்றது.

ஒரு நாள் பிரியா நேராக அவரிடமே வந்து நின்றாள்.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை நல்லா இருக்குதுன்னு சொன்னா வண்டி போயிடும்."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்றார் அவர். "நான் பாக்காத இன்ஜினுக்கு இதுவரைக்கும் சொன்னதில்ல."

"பொய் சொல்ல வேணாம் மாமா. ஒரே ஒரு தடவ ஏறி உக்காந்து ஏத்தம் வரைக்கும் வந்து பாருங்க. அப்பறம் உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க."

அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நவீன் சொன்னதுதான். அவர் எழுந்து போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. என்ன யோசித்திருப்பார் என்று நமக்கு ஊகிக்க முடியாதா என்ன? ஏறிப் பார்த்து இன்ஜின் மோசம் என்று தெரிந்தால், மகன் ஏமாந்துபோனான் என்றாகும், வண்டியும் விற்காது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைவிடக் கொடுமை. இத்தனை நாள் எதற்காக அந்தப் பிள்ளையின் முகத்தைச் சுண்ட வைத்தோம் என்ற கேள்விக்கு யாரிடம் போய் பதில் சொல்வது?

கடைசியில் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து திம்மப்பன் என்று ஒருவர் வந்தார். தக்காளி விவசாயம் செய்கிறவர், வீட்டில் பேசுவது கன்னடம், தமிழும் தடங்கலில்லாமல் வரும். கூடவே அவர் மனைவி நாராயணம்மா, குள்ளமான, கலகலப்பான அம்மா. திம்மப்பனுக்கும் டீக்கதை தெரிந்திருந்தது. ஆனால் மற்றவர்களைப் போல் அவர் ஓடவில்லை.

"அல்லா சாமி" என்று, 'அப்படி இல்லை' என்பதைக் கன்னடத்தில் சொல்லி ஆரம்பித்தார். "ஊருல ஆயிரம் பேசுவாங்க. நான் உங்க வாயால கேக்கணும்னு வந்தேன். எங்க கூட ஏத்தத்துக்கு வாங்க. மேல போய் நீங்க டீ வெச்சுப் பாருங்க. நீங்க குடிச்சா எடுத்துக்கறேன். கொட்டிட்டா உட்டுட்டுப் போறேன்."

சென்னகிருஷ்ணனுக்குத் தெரியும், டீ கொட்டும். மூன்று சிலிண்டர் ஆடாமல் எங்கே போகும்? ஆனாலும் பிரியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

நாராயணம்மா முன்கதவைத் திறக்கப் போனாள். "மாமா முன்னால உக்காரட்டும்மா, அவருக்குக் கால் மடங்காது" என்று பிரியா அவளைப் பின்னால் கூட்டிக்கொண்டாள். திம்மப்பன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சென்னகிருஷ்ணன் பயந்துகொண்டேதான் முதலில் வலது காலை உள்ளே விட்டார். கால் எங்கேயும் இடிக்கவில்லை. முழுசாக நீண்டு, பாதம் தரையில் சுகமாகப் படிந்தது. சின்ன வண்டிக்குள் இவ்வளவு இடமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது வருகிற வண்டிகளை இப்படித்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கிருஷ்ணகிரி தாண்டி, டோல் தாண்டி, ஏற்றம் தொடங்கியது. நான்கு ஆள் பாரம், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் பண்ணும்போது உடம்பையே குலுக்கிய ஆட்டம் வண்டி நகர்ந்ததுமே போயிருந்தது. நடக்க ஆரம்பிச்சுட்டா ரெண்டும் ஒண்ணுதான். லோடு லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. திம்மப்பன் வேண்டுமென்றே கியர் குறைக்காமல் மிதித்தார். சென்னகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எங்காவது ஒரு திணறல், ஒரு தட்டல், ஒரு இழுப்பு வருமா என்று அத்தனை வருட லாரிக் காதை வைத்துக் கேட்டார். வந்தால் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கொஞ்சமாவது தன் பக்கம் நியாயம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

வரவில்லை. இன்ஜின் ஒரே குரலில் ஏறியது. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் பாதியில் நின்றது நின்றபடி இருந்தது. கடைசி வளைவில் முன்னால் போன லாரியைத் தாண்டும்போதும் அது மூச்சு வாங்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது மலை முடிந்து ரோடு சமமாகியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த பிரியாவுக்கு அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். திம்மப்பனே போய் தலைதட்ட ஒரு டீ வாங்கிவந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சென்னகிருஷ்ணன் பானெட்டைத் தூக்கி டம்ளரை வைத்தார். கைகளைப் பின்னால் கட்டவில்லை, பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

டீ ஆடியது. வழிந்தது. அன்றைக்கு ஓடிய அதே வழியில் மூடிமேல் ஓடிச் சொட்டியது.

"கொட்டிருச்சே" என்றார் திம்மப்பன்.

"கொட்டும்." சென்னகிருஷ்ணன் டம்ளரைக் கையில் எடுத்தார். பாதிதான் மிஞ்சியிருந்தது. "மூணு சிலிண்டரு. நின்ன எடத்துல ஆடும், ஏத்தத்துல ஆடாது. நீயே பாத்தியே. இதுக்கு டம்ளர் வெக்கறதே தப்பு. எம் மவன் அன்னிக்கே சொன்னான்."

"ஹௌதா, அப்பிடியா? அப்பறம் ஏன் அன்னிக்குத் தள்ளினீங்க?"

 சென்னகிருஷ்ணன் அந்தப் பாதி டீயை வாயில் வைத்தார். வழக்கம்போல் மடக் மடக்கென்று குடிக்க முடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கவேண்டியிருந்தது. அடியில் இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். திம்மப்பனுக்கு அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பிரியா முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

பெயர் மாற்றுகிற வேலையெல்லாம் முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துப்போக அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பிரியா வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். ராஜாத்தி வெளியே வரவில்லை. திம்மப்பன் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினார். சென்னகிருஷ்ணன் இந்தத் தடவை மாந்தோப்புக்குப் போகவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்.

நாராயணம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அந்த அம்மாவுக்கு எதுவும் எட்டவில்லை, முன்னால் கண்ணாடி எங்கேயோ இருந்தது. "என்னா சீட்டு இது, இத்தன பின்னால கெடக்குது" என்று சிரித்துக்கொண்டே கீழே கையை விட்டுத் துழாவினாள். நெம்புகோல் கையில் சிக்கியது, இழுத்தாள், சீட்டு அசையவில்லை. திம்மப்பனும் குனிந்து இழுத்துப் பார்த்தார். "இறுகிப் போயிருக்குது. நகத்தவே மாட்டீங்களா?"

"நகத்தினதில்லைங்க" என்றாள் பிரியா. "அவரு யாரையும் நகத்த உட மாட்டாரு."

"ஏன்?"

பிரியா மாமனார் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "அது நைனா சீட்டும்பாரு. அவருக்குக் கால் மடங்காது, எந்த நேரத்துல வந்து ஏறினாலும் இடிக்கக் கூடாதும்பாரு. வண்டி வந்த அன்னிக்கு சாயங்காலமே கடைசி வரைக்கும் பின்னால தள்ளி வெச்சுட்டாரு. நானும் பாப்பாவும் எப்பவும் பின்னால ஓரமாத்தான் உக்காருவோம்."

வண்டி வந்த அன்று சாயங்காலம். டீ கொட்டிய அதே நாள். ஊர் சிரித்து, மூடிமேல் வழிந்ததைத் துணி வைத்துத் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளை செய்த முதல் வேலை அது. மழையில் திறந்து வைத்த கதவுக்கு உள்ளேயும் அந்தச் சீட்டு அப்படியேதான் காத்திருந்தது.  சென்னகிருஷ்ணன் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிரியா குனிந்து, ஒரு கையால் நெம்புகோலைத் தூக்கி, இன்னொரு கையால் சீட்டின் முதுகைத் தள்ளினாள். முதலில் அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள். உள்ளே ஏதோ விடுபட்டது. சீட்டு ஒவ்வொரு பல்லாக, டக், டக் என்று முன்னால் போனது.

"ஈக சரியாய்த்து" என்றாள் நாராயணம்மா. இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லி, சந்தோஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.